‘தண்டர் சோல்’ ஆவணப்படம்: ஒரு பள்ளி இசைக்குழுவும் அதன் ஆசிரியரும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்திலுள்ள ஹூஸ்டன் நகரில், ஒரு கறுப்பினப் பள்ளியின் மாணவர்கள் 1960களின் இறுதியிலிருந்து 1970களின் இறுதிவரை வாசித்த இசையையும், அவர்களை அந்த நிலைக்குக் கொண்டுவந்த கான்ராட் ஜான்சன் என்ற ஆசிரியரையும் பற்றிய படம் ‘தண்டர் சோல்’. படத்தைப் பார்த்தவர்களும் பார்க்க எண்ணுபவர்களும் வழக்கமாக எழுப்பும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது.

படம் எதைப் பற்றியது? யார் எடுத்தது?

மார்க் லேண்ட்ஸ்மன் இயக்கிய இந்த ஆவணப்படம் 2010இல் திரைப்பட விழாக்களில் காட்டப்பட்டு, 2011 செப்டம்பரில் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தது. ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவாகவே ஓடும்.

கதை இரண்டு காலங்களில் நடக்கிறது. ஒன்று, காஷ்மியர் உயர்நிலைப் பள்ளியின் ‘காஷ்மியர் ஸ்டேஜ் பேண்ட்’ நாடெங்கும் போட்டிகளை வென்று கொண்டிருந்த காலம். மற்றொன்று 2008ஆம் ஆண்டின் தொடக்கம். ஐம்பது வயதைத் தொட்டும் கடந்தும் நின்ற பழைய மாணவர்கள், 92 வயதான தங்கள் ஆசிரியருக்கு மரியாதை செய்வதற்காக ஊர் திரும்பி, ஒத்திகை பார்த்து, ஒரே ஓர் இரவு அவர் முன்னால் வாசிக்கிறார்கள். பழைய படச்சுருள்களும் புகைப்படங்களும் இசைத்தட்டுகளும் முதல் காலத்தைச் சொல்கின்றன; மாணவர்கள் நேரில் பேசுவது இரண்டாவதைச் சொல்கிறது.

காஷ்மியர் என்பதற்கும் காஷ்மீருக்கும் தொடர்பு உண்டா?

இந்தப் படத்தைப் பொறுத்தவரை இல்லை. ஹூஸ்டனின் வடகிழக்கில் காஷ்மியர் கார்டன்ஸ் என்ற கறுப்பின மக்கள் வாழும் பகுதி இருக்கிறது. 1957இல் திறக்கப்பட்ட பள்ளி அந்தப் பகுதியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. குழுவின் பாடல்களில் ஒன்றுக்கும் ‘காஷ்மியர்’ என்றே பெயர்.

‘ஸ்டேஜ் பேண்ட்’ என்றால் என்ன? பள்ளி அணிவகுப்பில் வாசிக்கும் பேண்டுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

அமெரிக்கப் பள்ளிகளில் கால்பந்து ஆட்டத்தின்போது மைதானத்தில் நடந்தபடி வாசிப்பது அணிவகுப்பு பேண்ட். ஸ்டேஜ் பேண்ட் மேடையில் வாசிப்பது. அதன் அமைப்பு பெரிய ஜாஸ் குழுவின் அமைப்பேதான்: சாக்ஸபோன்கள் ஐந்து, டிரம்பெட்டுகள் நான்கோ ஐந்தோ, டிராம்போன்கள் நான்கோ ஐந்தோ, பின்னால் பியானோ, கிட்டார், பேஸ், டிரம்ஸ் ஆகியவை அடங்கிய தாளப்பிரிவு. ஏறத்தாழ இருபது பேர்.

இதை நேராக ‘ஜாஸ் பேண்ட்’ என்று அழைத்திருக்கலாமே என்று தோன்றும். 1950களிலும் 1960களிலும் பல பள்ளி நிர்வாகங்களுக்கு ஜாஸ் என்ற சொல்லே ஆகவில்லை. மதுக்கூடத்தையும் நடன அரங்கையும் நினைவூட்டும் இசையாக அது எண்ணப்பட்டது. ‘ஸ்டேஜ் பேண்ட்’ என்பது அந்தத் தயக்கத்தைத் தாண்டுவதற்காகச் சூட்டப்பட்ட கண்ணியமான பெயர். கான்ராட் ஜான்சன் அந்தப் பெயரின் நிழலில் ஜாஸை மட்டுமன்றி அதைவிடத் துடிப்பான ஃபங்க் இசையையும் பள்ளிக்குள் கொண்டுவந்தார் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், படத்தின் முதற்பாதி வேறு பொருள் தரும்.

கான்ராட் ஜான்சன் யார்?

1915 நவம்பரில் டெக்சஸின் விக்டோரியா நகரில் பிறந்தவர். ஒன்பது வயதில் குடும்பத்தோடு ஹூஸ்டனுக்கு வந்து, அங்கே யேட்ஸ் உயர்நிலைப் பள்ளியில் படித்தார். பிறகு, பின்னாளில் டெக்சஸ் சதர்ன் பல்கலைக்கழகமாக வளர்ந்த கறுப்பினக் கல்லூரியில் சேர்ந்தார். மார்ஷல் நகரிலுள்ள வைலி கல்லூரியில் பட்டம் பெற்று, 1941இல் இசை ஆசிரியரானார். 1978இல் ஓய்வு பெறும் வரை முப்பத்தேழு ஆண்டுகள் கற்பித்தார். மாணவர்கள் அவரை ‘ப்ராஃப்’ (புரொஃபஸர் என்பதன் சுருக்கம்) என்றே அழைத்தார்கள். பேரப்பிள்ளை எடுத்த பிறகும் அந்தப் பெயரை மாற்றவில்லை.

அவர் வெறும் வகுப்பறை இசைஞர் அல்லர். சாக்ஸபோன் வாசிப்பவர், 1940களில் தம் பெயரில் ஒரு குழு வைத்து ஹூஸ்டனில் இசைத்தட்டும் வெளியிட்டவர். ஊர் ஊராகச் சென்று வாசிக்கும் தொழில்முறை வாழ்க்கை அவருக்கு எட்டாத ஒன்றாக இருக்கவில்லை. குடும்பத்தோடு ஹூஸ்டனிலேயே தங்கி, பள்ளியைத் தேர்ந்தெடுத்தார். படத்தைப் பார்க்கும்போது இந்தச் செய்தி என் மனத்தை விட்டு அகலவே இல்லை, ஏனென்றால் ‘வேறு வழியின்றி வாத்தியாரானவர்’ என்று உலகம் இசை ஆசிரியர்களைப் பற்றி எளிதாக வைத்திருக்கும் எண்ணத்துக்கு இந்த மனிதரின் வாழ்க்கை நேர்மாறாக நிற்கிறது. மேடையில் தமக்குக் கிடைத்திருக்கக்கூடிய இடத்தைப் பதினாறு வயதுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தவர் அவர்.

அவர் செய்த புதுமை என்ன?

1967இல், சோல் என்ற கறுப்பின இசைவகையின் பாடகர் ஓடிஸ் ரெடிங்கின் நிகழ்ச்சி ஒன்றை ஜான்சன் பார்த்தார். அதே ஆண்டு டிசம்பரில் ரெடிங் விமான விபத்தில் இறந்துபோனார். அந்த மேடையில் ஜான்சன் கண்டது பாட்டை மட்டுமன்று. இசைக்கலைஞர்கள் வாசித்துக்கொண்டே அசைந்ததையும், அந்த அசைவுக்கு அரங்கம் முழுவதும் எழுந்து நின்றதையும் கண்டார். இதைத் தம் பிள்ளைகளும் செய்யலாமே என்ற எண்ணம் அங்கே பிறந்தது.

அக்காலத்தில் பள்ளி ஸ்டேஜ் பேண்டுகள் நாற்காலியில் உட்கார்ந்து, இசைத்தாளைப் பார்த்து, பெற்றோர் தலைமுறையின் ஜாஸ் வகையான ஸ்விங் பாடல்களை வாசித்துக்கொண்டிருந்தன. காஷ்மியர் குழு எடுப்பான உடையில் வந்து, நின்றும் ஆடியும் திரும்பியும், மாணவர்கள் வீட்டு வானொலியில் கேட்ட இசையை வாசித்தது. ஃபங்க் பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் ‘சூப்பர் பேட்’ போன்ற பாடல்களை இருபது பேர் கொண்ட குழுவுக்கு ஏற்ப விரித்து எழுதினார்கள். அவற்றோடு சொந்தப் பாடல்களும் சேர்ந்தன.

இந்த மாற்றம் எவ்வளவு பெரியது என்பது இரண்டு தாளங்களையும் அருகருகே வைத்தால்தான் புரியும். ஸ்விங்கில் ஓர் அடியை இரண்டாகப் பிரிக்கும்போது முதல் பாதி நீண்டும் இரண்டாம் பாதி குறுகியும் விழும். அதனால் இசை ஊஞ்சல்போல் அசையும். ஃபங்கில் ஒவ்வோர் அடியும் நான்கு சமத் துண்டுகளாகிறது. சுற்றின் முதல் அடியில் எல்லாரும் ஒன்றாக வந்து இறங்குகிறார்கள். இடையிலுள்ள துண்டுகளில் பேஸும் டிரம்ஸும் கிட்டாரும் ஒன்றுக்கொன்று இடம் விட்டுக் கோத்துக்கொள்கின்றன. ஸ்விங்கில் (அடியை மூன்றாகப் பிரிக்கும்) திச்ர நடையின் சாயலைக் கேட்பவர்கள் ஃபங்கில் (நான்காகப் பிரிக்கும்) சதுச்ர நடையைக் கேட்பார்கள் என்று சொன்னால், முழுப் பொருத்தமாக இல்லாவிட்டாலும், காதுக்கு ஒரு வழி கிடைக்கும். ஐந்து பேர் ஃபங்க் வாசிப்பதே கடினம், ஒருவர் இம்மியளவு பிசகினாலும் கோத்த மாலை அறுந்துவிடும். இருபது பேர், அதிலும் பள்ளிப் பிள்ளைகள், அந்தத் துல்லியத்தை எட்டியதுதான் இந்தக் குழுவின் பெருமை.

உண்மையிலேயே அவ்வளவு போட்டிகளை வென்றார்களா?

ஆம். 1969 முதல் 1977 வரை கலந்துகொண்ட 46 போட்டிகளில் 42இல் வென்றார்கள் என்பது இந்தக் குழுவைப் பற்றி எப்போதும் சொல்லப்படும் கணக்கு. 1972இல் அலபாமா மாநிலத்தின் மொபீல் நகரில் நடந்த தேசிய அளவிலான விழாவிலும் முதலிடம் பெற்றார்கள். பின்னர் ஐரோப்பாவுக்கும் ஜப்பானுக்கும் சென்று வாசித்தார்கள்.

எண்களை மட்டும் பார்த்தால் இதன் கனம் தெரியாது. பள்ளிகளில் நிறவேறுபாடு செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1954இல். ஹூஸ்டன் பள்ளி நிர்வாகம் அதை நடைமுறைப்படுத்தத் தொடங்கியதோ 1960இல், அதுவும் ஆண்டுக்கு ஒரு வகுப்பு என்ற கணக்கில்! இந்தக் குழு மேடையேறிய நாட்களில் காஷ்மியர் பள்ளி கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளியாகவே இருந்தது. போட்டிக்குப் போன இடங்களில் எதிரே நின்றவர்கள் பெரும்பாலும் வெள்ளையினப் பள்ளிகளின் குழுக்கள். அரங்கத்துக்குள் நுழைந்தபோது தங்கள் மீது விழுந்த பார்வைகளையும், வாசித்து முடித்தபோது அந்தப் பார்வைகள் மாறியதையும் மாணவர்கள் படத்தில் நினைவுகூர்கிறார்கள். குறை சொல்ல ஒரு நூலளவு இடமும் விடக்கூடாது என்பது அவர்களுக்கு இசைப்பாடமாகவும் வாழ்க்கைப்பாடமாகவும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தது.

அவர் கற்பித்த முறையில் அப்படி என்ன இருந்தது?

இந்தப் பக்கத்தில் நான் மிகவும் சொல்ல விரும்பும் செய்தி இங்கேதான் இருக்கிறது. ‘மனத்தைத் தொட்ட ஆசிரியர்’ என்று சொல்லும்போது நாம் பெரும்பாலும் அவருடைய பேச்சையும் அன்பையும் எண்ணுகிறோம். ஜான்சனிடம் அவை இரண்டும் இருந்தன. பல மாணவர்கள் அவரைத் தகப்பனாரின் இடத்தில் வைத்துப் பேசுகிறார்கள். ஆனால் அந்த அன்பு வெளிப்பட்ட வழி உழைப்பு. அவர் தம் குழுவுக்காகத் தாமே இசையமைத்தார், தாமே பகுதிகளைப் பிரித்து எழுதினார்.

அது எத்தகைய வேலை என்பதை இசை எழுதாதவர்கள் உணர வேண்டும். இருபது பேருக்கும் ஒரே தாளைக் கொடுக்க முடியாது. பியானோவில் ‘சி’ என்ற சுரம் ஒலிக்க வேண்டுமென்றால், அதையே வாசிக்கும் டிரம்பெட்டுக்காரரின் தாளில் ‘டி’ என்றும், ஆல்டோ சாக்ஸபோன்காரரின் தாளில் ‘ஏ’ என்றும் எழுத வேண்டும், ஏனென்றால் அந்தக் கருவிகள் அமைந்திருக்கும் சுருதியே வேறு. ஒவ்வொரு கருவிக்கும் எளிதான எல்லை ஒன்றும், மூச்சுத் திணறும் எல்லை ஒன்றும் உண்டு. கடையில் விற்கும் அச்சிட்ட இசைத்தாள் யாரோ ஒரு சராசரி மாணவரை எண்ணி எழுதப்பட்டது. ஆசிரியரே எழுதும்போது, மூன்றாவது டிரம்பெட்டில் அமர்ந்திருக்கும் பிள்ளைக்கு உயரத்துச் சுரம் இன்னும் வசப்படவில்லை, ஆனால் தாளம் தவறாது என்பதை அறிந்து, அவனுக்குத் தாழ்ந்த சுரங்களில் கூர்மையான வெட்டுகளைக் கொடுக்கலாம்; ஆறு மாதம் கழித்து ஒரு படி உயர்த்தி எழுதலாம். அப்படி எழுதப்பட்ட தாளில் ஒவ்வொரு பிள்ளையும் தன்னைக் காண்கிறான்.

இதனோடு சேர்ந்தது கண்டிப்பு. பள்ளிப் பிள்ளைகள்தானே, இவ்வளவு போதும் என்ற அளவுகோலை ஜான்சன் ஏற்கவில்லை. தொழில்முறைக் குழுவிடம் எதைக் கேட்பாரோ அதையே இவர்களிடமும் கேட்டார். சுரம் படிக்கவும், சுருதி சேர்க்கவும், பக்கத்தில் இருப்பவரைக் கேட்டபடி வாசிக்கவும் பழக்கினார். மேடையில் நிற்கும் விதமும் உடுத்தும் விதமும் அந்தப் பயிற்சிக்குள் அடங்கின. ‘உன்னால் முடியும்’ என்று வாயால் சொல்வதைவிட, முடிந்தால் மட்டுமே வாசிக்கத்தக்க ஒரு தாளைக் கையில் கொடுத்துவிட்டு அருகில் நிற்பது பெரிய நம்பிக்கை. அந்தத் தாள்களைத்தான் நான் இந்தப் படத்தின் நாயகன் என்று கருதுகிறேன்.

பள்ளிக் குழுவின் இசைத்தட்டுகளை உலகம் எப்படி அறிந்தது?

காஷ்மியர் குழு எட்டு இசைத்தட்டுகளை வெளியிட்டது. பெரிய நிறுவனங்களின் துணையின்றிச் சிறு எண்ணிக்கையில் அச்சிடப்பட்டவை அவை. 1970களின் நடுவில், அமெரிக்கர்கள் பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற காலத்தை ஒட்டி வந்த ஒரு தட்டின் பெயர் ‘அவுட் ஆஃப் கேஸ் பட் ஸ்டில் பர்னிங்’. பெட்ரோல் தீர்ந்தும் எரிந்துகொண்டிருக்கிறோம் என்று பொருள். பிள்ளைகளின் மிடுக்கு அந்தத் தலைப்பிலேயே தெரிகிறது.

பிறகு பல ஆண்டுகள் அவை யார் யார் வீட்டுப் பரணிலோ கிடந்தன. அவற்றை மீட்டவர்கள் பழைய தட்டுகளைத் தேடித் திரியும் சேகரிப்பாளர்களும் டிஜேக்களும். ஹிப்-ஹாப் இசை உருவான காலத்திலிருந்தே, பழைய ஃபங்க் பாடல்களில் மற்றக் கருவிகள் ஓய்ந்து டிரம்ஸ் மட்டும் ஒலிக்கும் சில நொடிகளை வெட்டி எடுத்துத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அதன்மேல் புதிய பாடலைக் கட்டுவது வழக்கம். அந்த நொடிகளுக்காக எவரும் கேள்விப்படாத தட்டுகளைத் தேடியவர்கள் கையில் காஷ்மியர் தட்டு அகப்பட்டது. பின்னட்டையில் பள்ளியின் பெயரைக் கண்டபோதுதான் வாசித்தவர்கள் மாணவர்கள் என்று பலருக்கும் தெரிந்தது.

2006இல் நவ்-அகெய்ன் என்ற நிறுவனம் இந்தப் பதிவுகளைத் தொகுத்து ‘டெக்சஸ் தண்டர் சோல் 1968–1974’ என்ற பெயரில் வெளியிட்டது. வானொலியில் அந்தக் கதை ஒலிபரப்பானதைக் கேட்டுத்தான் இயக்குநர் லேண்ட்ஸ்மன் ஹூஸ்டனைத் தேடி வந்தார். அப்போது ஜான்சன் தொண்ணூறைத் தாண்டியிருந்தார். தம் பிள்ளைகளின் இசையை உலகம் கேட்கத் தொடங்கியதை அவர் உயிரோடிருந்து பார்த்தார் என்பதில் எனக்கு ஆழ்ந்த நிறைவு உண்டு.

முப்பது ஆண்டுகளாகக் கருவியைத் தொடாதவர்கள் மறுபடி வாசிக்க முடியுமா? படத்தில் அது மிகைப்படுத்தப்பட்டதா?

வாசிக்க முடியும், ஆனால் வலிக்கும். ஒத்திகைக் காட்சிகளில் சிலர் முதல்முறை தடுமாறுவது நடிப்பன்று.

டிரம்பெட்டை எடுத்துக்கொள்வோம். அதில் மூன்று கட்டைகளே உண்டு. எந்தக் கட்டையை எப்போது அழுத்துவது என்பதை விரல்கள் பல ஆண்டுகள் கழித்தும் மறப்பதில்லை. ஆனால் சுரத்தை உண்டாக்குவது உதடு. உதட்டைச் சுற்றியுள்ள சிறு தசைகள் இறுகி, ஊதும் காற்றில் உதடுகள் அதிர்ந்து ஒலி பிறக்கிறது. உயரத்துச் சுரத்துக்கு இறுக்கம் கூட வேண்டும். நாள்தோறும் வாசிப்பவருக்கே ஒரு வாரம் விட்டால் வேறுபாடு தெரியும். முப்பது ஆண்டு கழித்து எடுப்பவருக்குப் பத்து நிமிடத்தில் உதடு மரத்துப்போகும், சுரம் உடையும், அடுத்த சுரத்துக்குப் பதில் வெறும் காற்று வரும். டிராம்போனின் நிலை வேறு. அதன் நீள்குழாயில் ஏழு நிலைகள், எந்த நிலைக்கும் அடையாளக் கோடு கிடையாது. கை நினைவுதான் கோடு. சாக்ஸபோன்காரர் நாணல் பட்டையை வாயில் வைத்து எச்சிலில் நனைக்கும் அந்த அரை நிமிடத்தில் முகத்தில் வந்துபோகும் தயக்கம், பேட்டிகளில் சொல்லப்படாத பலவற்றைச் சொல்கிறது.

முதல் ஒத்திகையில் எழும் ஒலி காதுக்கு இனியதன்று. ஒருவர் முந்துகிறார், ஒருவர் பிந்துகிறார், சுருதி சேரவில்லை. முன்னாள் மாணவர் ஒருவரே முன்னால் நின்று, ப்ராஃப் நின்ற இடத்தில் நின்று, அவர் கேட்டதையே கேட்கிறார். ஒரு கட்டத்தில் அந்தப் பழைய இறுக்கம் சட்டென்று கூடிவிடும்போது, வாசிப்பவர்களே ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்துக்கொள்கிறார்கள். அந்தப் பார்வையைக் காட்டியதற்காகவே படத்தை எத்தனை முறையும் பார்ப்பேன். உடலுக்குள் எவ்வளவு ஆழமாக ஒருவர் பாடத்தை இறக்கியிருந்தால் அது முப்பது ஆண்டு உறங்கி எழும்!

ஜான்சன் அந்தக் கச்சேரியைக் கேட்டாரா?

கேட்டார். உடல் மிகவும் தளர்ந்திருந்த நிலையில், அதற்குச் சற்று முன் மருத்துவமனையில் இருந்து வந்தும், அரங்கில் அமர்ந்து தம் மாணவர்கள் வாசித்ததைக் கேட்டார். கச்சேரி முடிந்த ஓரிரு நாட்களிலேயே, 2008 பிப்ரவரி 3 அன்று காலமானார். இதை முன்கூட்டியே அறிந்துகொண்டு பார்ப்பதால் படத்தின் அழுத்தம் குறைவதில்லை. அவர் முகத்தை நீங்கள் இன்னும் கவனமாகப் பார்ப்பீர்கள்.

ஏழைப் பள்ளிக்கு ஒரு நல்ல ஆசிரியர் வந்து பிள்ளைகளைத் திருத்தும் வழக்கமான கதைதானே இது?

மேலோட்டமாகப் பார்த்தால் அப்படித் தோன்றலாம். அத்தகைய கதைகளில் ஆசிரியர் வெளியிலிருந்து வருவார், பிள்ளைகள் இருளில் இருப்பார்கள், அவர் விளக்கேற்றுவார். காஷ்மியரில் நடந்தது அதுவன்று. ஜான்சன் அதே நகரத்தின், அதே நிறவேறுபாட்டுப் பள்ளிகளின் மாணவர். கறுப்பின ஆசிரியர்கள் அவரை வளர்த்தார்கள். அவர் அடுத்த தலைமுறையை வளர்த்தார். அந்தப் பள்ளிகளுக்குப் பணமும் கட்டடமும் குறைவாகக் கொடுக்கப்பட்டன, ஆனால் அவற்றுக்குள் தலைமுறை தலைமுறையாகக் கைமாறிய திறமையும் ஒழுக்கமும் ஏராளம். பிள்ளைகளிடமும் இசை ஏற்கெனவே இருந்தது. வீட்டிலும் தேவாலயத்திலும் வானொலியிலும் கேட்டு வளர்ந்தவர்கள். ஜான்சன் அந்த இசையைத் தாழ்வானது என்று ஒதுக்காமல் வகுப்பறைக்குள் அழைத்து, அதற்கு இலக்கணம் கற்பித்தார். இரக்கத்தைவிட மதிப்பு மேலோங்கி நின்ற உறவு அது.

படத்தில் குறைகள் உண்டா?

உண்டு. மறுசந்திப்பின் உணர்ச்சியில் படம் நெடுநேரம் தங்கிவிடுவதால், ஜான்சன் ஓய்வு பெற்ற பிறகு அந்தப் பள்ளியில் இசை எப்படித் தேய்ந்தது என்ற கேள்வியை அது தொட்டுவிட்டுக் கடந்து போகிறது. பழைய மாணவர்கள் நினைவில் வைத்திருந்த சிறப்புக்கும் இன்றைய நிலைக்கும் உள்ள தொலைவு கண்ணில் படுகிறது, காரணங்கள் விரிவாகப் பேசப்படவில்லை. ஒரே ஒருவரின் தோளில் நின்ற ஏற்பாடு அவர் போனபின் என்ன ஆகும் என்பது கல்வியில் அக்கறையுள்ள எவரும் கேட்க வேண்டிய கேள்வி. இருபது நிமிடங்கள் கூட்டி அதைச் சொல்லியிருந்தால் படம் இன்னும் நிறைவு பெற்றிருக்கும்.

இசை உருவான விதத்தையும் இன்னும் அருகில் சென்று காட்டியிருக்கலாம். ஜான்சன் எழுதிய ஒரு தாளைத் திரையில் நிறுத்தி, அந்த வரிகள் எந்தக் கருவியில் எப்படி ஒலித்தன என்று காட்டும் ஒரு காட்சிக்காக நான் ஏங்கினேன்.

நடிகர் ஜேமி ஃபாக்ஸின் பெயர் ஏன் வருகிறது?

அவர் படத்தின் நிர்வாகத் தயாரிப்பாளர்களில் ஒருவர். அவரும் டெக்சஸ்காரர், சிறு வயதிலேயே பியானோ பயின்றவர். அவருடைய பெயர் சேர்ந்தது படம் திரையரங்குகளை எட்ட உதவியது.

இசை தெரியாதவர்கள் பார்க்கலாமா? பிள்ளைகளோடு பார்க்கலாமா?

தாராளமாக. சுரம், தாளம் பற்றிய எந்த அறிவும் தேவையில்லை. ஏதேனும் ஒரு கருவியைக் கற்றுக்கொண்டு, பாதியில் சலிப்படைந்திருக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் அவசியம் சேர்ந்து பாருங்கள். அறிவுரை எதுவும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் போதும்.

படம் பார்த்த பிறகு எந்தப் பாடலிலிருந்து தொடங்கலாம்?

‘காஷ்மியர்’ என்ற பாடலிலிருந்து தொடங்கலாம். 2017இல் வந்த ‘பேபி டிரைவர்’ திரைப்படத்தில் இடம்பெற்றதால் பலருக்கும் ஏற்கெனவே அறிமுகமாகியிருக்கக்கூடும். அடுத்து ‘ஸ்கார்ப்பியோ’. இது 1971இல் கிட்டார் கலைஞர் டெனிஸ் காஃபி வெளியிட்ட பாடல். முதலில் அவருடைய பதிவைக் கேட்டுவிட்டு, உடனே காஷ்மியர் பதிவைக் கேளுங்கள். கிட்டார்கள் ஏந்திய மெட்டை ஊதுகருவிகள் கூட்டாக ஏந்தும்போது அதன் உருவமே பெரிதாகிவிடுகிறது. பிறகு ‘தண்டர் சோல்’.

கேட்கும்போது ஒரு சிறு வேலை செய்யுங்கள். முதல்முறை பேஸையும் டிரம்ஸையும் மட்டும் தொடருங்கள். இரண்டாம்முறை டிரம்பெட்டுகள் வாசிக்கும் இடங்களை விட்டுவிட்டு, அவை வாசிக்காமல் காத்திருக்கும் இடங்களைக் கவனியுங்கள். அத்தனை பேரும் ஒரே நொடியில் மூச்சை நிறுத்தி, ஒரே நொடியில் மறுபடி நுழைகிறார்கள். வாசிப்பவர்களில் எவருக்கும் அப்போது இருபது வயதுகூட நிரம்பியிருக்காது.